திறப்பு எடுக்கப் போனவர்கள்

எங்கள் கோயிலில் புனிதரின் சுருவம் ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. அந்தக் கூட்டின் கதவுக்கு இரண்டு பூட்டுகள். மேல் பூட்டின் திறப்பு கிழக்கு வட்டாரத்தில் ஒருவரிடம் இருக்கும், கீழ்ப் பூட்டின் திறப்பு மேற்கு வட்டாரத்தில் ஒருவரிடம் இருக்கும். இருவரும் வந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் புனிதர் வெளியே வரலாம். இந்த ஏற்பாட்டை யார் செய்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. ஆனால் செய்தவருக்கு எங்கள் ஊர்ச் சனத்தை நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று மட்டும் நான் அடித்துச் சொல்வேன்.

வெளியூர்க்காரர் தேவாலயம் என்பார்கள், நாங்கள் கோயில் என்போம்; அவர்களுடைய சிலை எங்களுக்குச் சுருவம், சாவி எங்களுக்குத் திறப்பு. யாழ்ப்பாணத்தின் வட கரையில் கடலை நம்பிப் பிழைக்கும் சிறிய கத்தோலிக்க ஊர் எங்களுடையது. கோயில் நட்ட நடுவில் நிற்கிறது. கிழக்குப் பக்கத்துச் சிறு தெருக்களான ஒழுங்கைகள் ஒரு வட்டாரம், மேற்குப் பக்கத்து ஒழுங்கைகள் மற்றது. பூசை ஒன்று, கடல் ஒன்று, செத்தால் போகிற சேமக்காலையும் ஒன்று. இருந்தும் "உவை மேற்கு ஆக்கள்", "உவை கிழக்கு ஆக்கள்" என்ற பேச்சு ஓய்ந்ததில்லை. நான் மேற்கில் பிறந்து கிழக்கில் வாழ்க்கைப்பட்டவள். அதனால் எந்தப் பக்கம் எந்தப் பக்கத்தைத் திட்டினாலும் அதில் ஒரு பங்கு எனக்கு வந்து சேரும்.

மேற்கின் திறப்பு என் அண்ணையிடம் இருந்தது, கிழக்கின் திறப்பு என் கணவரிடம். திருவிழாவுக்குத் திருவிழா இரண்டு பேரும் வெள்ளை வேட்டியோடு வந்து, "நீர் முதலிலை திறவும் மச்சான்", "இல்லை, நீர் திறவும்" என்று கொஞ்ச நேரம் மரியாதை காட்டிவிட்டுப் பிறகு தோள் உரச நின்று திறப்பார்கள். அந்த நேரத்தில் நான் முன் வரிசை வாங்கில் இருந்து பார்ப்பேன். என் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே கதவைத் திறப்பதைப் பார்க்க எந்தப் பெண்ணுக்குத்தான் கசக்கும்.

இப்படி இருந்த இரண்டு பேரையும் பிரித்தது ஒரு மழை.

தை மாதத் திருவிழாவில் சுருவத்தைத் தண்டில் ஏற்றித் தோளில் சுமந்துகொண்டு ஊரைச் சுற்றி வருவோம். ஒவ்வொரு ஒழுங்கையின் வாசலிலும் நின்று, சுருவத்தை அந்த ஒழுங்கையைப் பார்க்கத் திருப்பி, வீடுகளை ஆசீர்வதித்துவிட்டு நகர்வதுதான் வழக்கம். கிழக்கின் கடைசி ஒழுங்கை எங்களுடையது. அந்த வருடம் எங்கள் ஒழுங்கை வாசலுக்கு வரும்போது வானம் இருண்டு மழை கொட்டத் தொடங்கிவிட்டது. முன் தண்டில் நின்றவர்கள் மேற்கு ஆட்கள். சுருவத்தின் வர்ணம் கரையப் போகிறதே என்ற பதற்றத்தில் அந்த இடத்திலேயே சட்டென்று கோயிலை நோக்கித் திரும்பிவிட்டார்கள். திரும்பின திரும்பலில் புனிதரின் முகம் எங்கள் ஒழுங்கைக்குக் கிடைக்கவில்லை, முதுகுதான் கிடைத்தது.

"வேணுமெண்டுதான் எங்கடை ஒழுங்கைக்கு முதுகைக் காட்டினவை," என்றார் என் கணவர், கொட்டுகிற மழைக்குள் நின்றபடி.

"மழைக்கை சுருவத்தை வைச்சுக்கொண்டு உம்மடை ஒழுங்கையை வடிவு பாக்கச் சொல்லுறீரோ?" என்றார் அண்ணை.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் கதைக்கவில்லை. அவர்கள் கதைக்காவிட்டால் ஊரும் கதைக்காது. அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனால் கிழக்கு ஆட்கள் வலப்பக்க வாங்கிலும் மேற்கு ஆட்கள் இடப்பக்க வாங்கிலும் இருக்கிறார்கள். பூசை நடுவில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தால், அவரவர் தங்கள் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் கைகூப்பிவிட்டு நிமிர்ந்து பீடத்தைப் பார்ப்பார்கள். நடுவே இருந்த நடைபாதையைத் தாண்டி ஒரு கும்பிடும் போனதில்லை. நான் எந்தப் பக்கம் இருப்பது? பின்னால் ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் முறைத்துக்கொண்டு இருந்தேன்.

பங்குச் சுவாமி அப்போதுதான் மாற்றலாகி வந்த பாதிரியார், இளம் வயது. ஒற்றுமையைப் பற்றி வாரத்துக்கு வாரம் உருகி உருகிப் பிரசங்கம் வைத்தார். கிழக்கு ஆட்கள் "சுவாமி மேற்குக்கு நல்லாக் குடுத்திட்டார்" என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். மேற்கு ஆட்களும் அதே சந்தோஷத்தோடுதான் போனார்கள். அந்தப் பிரசங்கம் தங்களுக்கும் ஆகும் என்று நினைத்த ஒருவரையாவது நான் காணவில்லை.

இதற்குள் என் மனுஷன் இன்னொரு வேலையும் பார்த்தார். முன்பெல்லாம் கிழக்கின் திறப்பு எங்கள் வீட்டு மாதா படத்துக்குக் கீழே ஒரு ஆணியில் தொங்கும். யாரும் எடுக்கலாம், யாரும் எடுக்க மாட்டார்கள். சண்டைக்குப் பிறகு அவர் அதை எடுத்து, மாதாவுக்கு நேர்ந்து தன் கழுத்தில் போட்டிருந்த உத்தரியக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டார். யாராவது வந்து கேட்டு நான் கொடுத்துவிடுவேனாம். நான் மேற்கில் பிறந்தவள் அல்லவா!

"கடலுக்குப் போகேக்கையாவது கழட்டி வையுங்கோவன். மீனே வந்து கூட்டைத் திறக்கப்போகுது?" என்று கேட்டேன்.

"என்ரை கழுத்திலை கிடக்கிறதாலை உமக்கு என்ன பாரம்?" என்றார். அதற்கு மேல் அவரோடு கதைத்து வென்றவர் இல்லை.

ஆடி மாதம் சோளகக் காற்று கடுமையாக அடித்துக்கொண்டிருந்த நாட்களில், ஒரு மாலை அவரும் பக்கத்து வீட்டுக்காரரும் எங்கள் படகில் கடலுக்குப் போனார்கள். வழக்கமாக விடியக் கரைக்கு வந்துவிடுவார்கள். அன்று மற்றப் படகுகள் எல்லாம் வந்து, மீனும் விற்று முடிந்தது. இவர்களைக் காணவில்லை. கைத்தொலைபேசிக்கு அழைத்தால் தொடர்பு இல்லை என்றே பெண் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. சோளகம் நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. இயந்திரம் நின்றால் படகைக் கரையை விட்டுத் தள்ளிக்கொண்டே போகும். கடற்கரையில் நின்ற எல்லோருக்கும் அது தெரியும், அதனால் ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

படகு பிந்தினால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கோயில் மணியை விடாமல் அடிப்பார்கள். சுருவத்தைக் கூட்டிலிருந்து எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்து கடலைப் பார்க்க வைப்பார்கள். ஆட்கள் திரும்பி வரும்வரை செபமாலை நடக்கும். வெளியில் இருந்து பார்ப்பவர்கள் இதை மூடநம்பிக்கை என்று சொல்லக்கூடும். சொல்லட்டும். மணி கேட்டால் ஊர் முழுக்க வந்துவிடும், சுருவம் கரைக்கு வந்தால் படகுகள் எல்லாம் கடலில் இறங்கிவிடும். புனிதர் கரையில் நிற்கும்போது படகை மணலில் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்க எங்கள் ஊரில் எந்த ஆம்பிளைக்கும் முகம் இராது.

மணி அடித்தது. கிழக்கு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். நான் கோயில் வாசலில் நின்று மேற்கு ஒழுங்கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். வருவார்களா, மாட்டார்களா? என் அண்ணை வருவாரா?

வந்தார்கள். அண்ணைதான் முன்னுக்கு வந்தார், சேட்டுக்கூடச் சரியாகப் போடவில்லை. அண்ணி பின்னால் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் மேற்குச் சனம் கோயில் வளவின் மேற்குப் பக்கத்திலேயே போய் நின்றது. அந்த நேரத்திலும் அவர்களுடைய கால்களுக்கு அந்தப் பக்கம்தான் தெரிந்தது.

அண்ணை ஒருவரோடும் கதைக்காமல் கூட்டடிக்குப் போய், மடியிலிருந்து திறப்பை எடுத்துக் கீழ்ப் பூட்டைத் திறந்தார். பிறகு ஒதுங்கி நின்றார். எல்லோரும் மேல் பூட்டைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"திறப்பு எங்கை, அக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவரின்ரை கழுத்திலை கிடக்கு," என்றேன்.

அதைச் சொல்லும்போதுதான் எனக்கே அது முழுதாக விளங்கியது. புனிதரைக் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோக வேண்டிய திறப்பு, தேட வேண்டிய ஆளின் கழுத்தில் கடலில் மிதக்கிறது. ஒருவரை ஒருவர் நம்பாத சனத்துக்கு இதைவிட என்ன கிடைக்கும்!

சுவாமி பூட்டை உடைக்கச் சொன்னார். கிழக்கு ஆட்களில் ஒருவர் ஓடிப்போய் இரும்பு அலவாங்கு கொண்டுவந்தார். அதன் கூரான முனையைப் பூட்டின் வளையத்துக்குள் விட்டபோது அண்ணை அந்தக் கையைப் பிடித்தார்.

"உடையாதேங்கோ," என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. சுருவத்துக்கு முன்னால் நிற்கிறேன் என்பதும் மறந்து கத்தினேன். "அண்ணை, இப்பவும் உங்களுக்குக் கிழக்கும் மேற்குமோ? அந்த மனுசன் கடலிலை கிடக்குது! உங்களுக்குப் பூட்டுத்தான் பெரிசோ?"

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய கண் சிவந்திருந்தது. "பிள்ளை, ஆள் இல்லாத வீட்டுப் பூட்டைத்தான் உடைக்கிறது. இந்தப் பூட்டுக்கு ஆள் இருக்கு," என்றார். பிறகு வளவின் மேற்குப் பக்கத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "வாங்கோடா. போய்த் திறப்பை எடுத்துக்கொண்டு வருவம்."

அலவாங்கைப் பிடித்திருந்தவர் அதை மெதுவாகச் சுவரில் சாத்தி வைத்தார்.

அதன் பிறகு கரையில் நடந்ததை நான் உயிரோடு இருக்கும்வரை மறக்க மாட்டேன். சுருவம் கரைக்கு வரவில்லை, ஆனால் படகுகள் எல்லாம் இறங்கின. கிழக்குப் படகுகள் இரவு முழுக்கத் தொழில் செய்துவிட்டு வந்தவை, அவற்றில் மண்ணெண்ணெய் இல்லை. மேற்கு ஆட்கள் தங்கள் வீடுகளிலிருந்து கலன்களைத் தோளில் சுமந்துகொண்டு ஓடி வந்து ஊற்றினார்கள். ஒரு படகின் இயந்திரம் கிளம்ப மறுத்தது. உடனே அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மேற்கிலிருந்து வேறொன்றைக் கொண்டுவந்து பூட்டினார்கள். எந்தப் படகில் எந்த வட்டாரம் ஏறியது என்று பார்க்க ஒருவருக்கும் நேரம் இல்லை. தை மாதத்திலிருந்து முகம் பாராத ஆட்கள் ஒரே படகின் பக்கத்தில் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். சுவாமியும் அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நின்று தள்ளினார். அவர் வைத்த பிரசங்கங்கள் எல்லாவற்றிலும் இதுதான் திறமானது என்று பிறகு அவரிடமே சொன்னேன்.

ஆண்கள் போன பிறகு பெண்கள் மணலில் இருந்தோம். செபமாலையில் ஒரு பாதியை ஒருவர் சொல்ல, மறு பாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்லி முடிக்க வேண்டும். கிழக்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து எங்கள் பக்கத்தில் முன்பாதி சொல்கிறவள் நான்தான். அன்று வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. இன்னொரு தரம் முயன்றேன், அப்போதும் வரவில்லை. அப்போது அண்ணி எனக்குப் பதிலாக முன்பாதியைத் தொடங்கினாள். கிழக்குப் பெண்கள் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மறுபாதியை எல்லோருமாகச் சேர்ந்து சொன்னார்கள். அவ்வளவு மாதமும் எங்கள் செபம் பாதிப் பாதியாகத்தான் மேலே போயிருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

மத்தியானத்துக்கு முன்னமே வல்வெட்டித்துறைப் பக்கத்திலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. அங்கிருந்து தொழிலுக்குப் போன ஒருவர், தூரத்தில் ஒரு படகு காற்றோடு போவதையும், அதில் இடுப்பில் உடுக்கும் சாரம் ஒன்று துடுப்பில் கட்டியபடி பறப்பதையும் கண்டிருக்கிறார். எந்தத் திசை என்று கேட்டுச் சுவாமி எங்கள் படகுகளுக்குச் சொன்னார். என்ன நிறச் சாரம் என்று நான் கேட்டேன். நீலக் கோடு போட்டது என்றார்கள். அதைத் தோய்த்துக் காயப்போட்டவள் நான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு கடலில் நடந்ததை என் கணவர் சொல்லித்தான் அறிந்தேன். இயந்திரம் பழுதாகி, தண்ணீரும் முடிந்து, இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்று இருவரும் படகுக்குள் சரிந்து கிடந்தபோது ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. எழும்பிப் பார்த்தால் அண்ணையின் படகு. என் மனுஷன் எழுந்து நின்றாராம். அண்ணை படகைப் பக்கத்தில் கொண்டுவந்து, அவரை மேலும் கீழும் பார்த்தாராம்.

"திறப்பு இருக்கோ?" என்று கேட்டாராம்.

இவர் நெஞ்சில் கையை வைத்து, உத்தரியக் கயிற்றை வெளியே இழுத்துக் காட்டினாராம்.

"அப்ப சரி. இந்தா, கயித்தைப் பிடியும் மச்சான்."

கடலில் அவர்கள் கதைத்தது அவ்வளவுதான்.

படகுகள் வரிசையாக வருவதைக் கண்டதும் கரை ஆர்ப்பரித்தது. என் கணவர் காற்சட்டையோடு இறங்கி வந்தார், முகம் வெயிலில் கறுத்து, உதடு வெடித்து. அவருடைய சாரம் இன்னும் துடுப்பில் கட்டியபடியே இருந்தது. அண்ணி வீட்டுக்கு ஓடிப்போய் அண்ணையின் சாரம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். தை மாதத்திலிருந்து அண்ணையின் நிழலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிய மனிதர், அண்ணையின் சாரத்தை உடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். நான் இதைச் சொல்லிக் காட்டாமல் விட்ட நாள் குறைவு.

இருவரும் கூட்டுக்கு முன்னால் போய் நின்றார்கள். என் கணவர் கழுத்துக் கயிற்றைக் கழற்றவில்லை. திறப்பைக் கோத்தபடியே குனிந்து, பூட்டோடு தலையை ஒட்டிக்கொண்டு திறந்தார். கதவு திறந்தது. புனிதரைத் தண்டில் ஏற்றினார்கள். ஆட்கள் வந்துவிட்டார்கள், கரைக்குப் போகத் தேவையில்லை. ஆனாலும் கொண்டுபோனார்கள், நன்றி சொல்ல. கரையிலிருந்து திரும்பும்போது முன் தண்டில் நின்ற அண்ணை கோயில் பக்கம் திரும்பாமல் கிழக்கே நடந்தார். எங்கள் ஒழுங்கை வாசலில், தை மாதம் மழைக்குள் திரும்பின அதே இடத்தில், சுருவத்தை எங்கள் ஒழுங்கையைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார்கள். நிறுத்தினவர்கள் அசையவே இல்லை. வெயில் எரித்தது. தண்டுக்காரரின் முதுகில் வேர்வை வழிந்தது.

"காணும் மச்சான்," என்றார் என் கணவர், "சுருவம் வெயிலிலை வெடிக்கப் போகுது."

"நில்லும்," என்றார் அண்ணை. "வடிவாப் பாக்கட்டும். பிறகும் முதுகு கிதுகு எண்டு வரக்கூடாது."

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. என் மனுஷன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

எங்கள் சனத்தைப் பற்றி நான் எவ்வளவோ நக்கலடிப்பேன். பொறாமைக்காரர், வீம்புக்காரர், ஒரு முதுகுக்காக மாதக்கணக்கில் முறைத்துக்கொண்டு திரியக்கூடியவர்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அன்று ஒருவரும் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தேடப் போகிறோம் என்றுகூடச் சொல்லாமல், திறப்பு எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போய் ஆளைக் கொண்டுவந்தார்கள். இந்தச் சனத்தோடு பிறந்ததும் வாழ்ந்ததும் எனக்குப் பெருமை. இந்தக் கரையில் தனித் தனியாக இருந்தால் எங்களில் ஒருவருக்கும் உயிர் சொந்தமில்லை.

அன்று இரவு என் கணவர் திறப்பைக் கழுத்திலிருந்து கழற்றினார். என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணை வீட்டுக்குப் போனார். மாதக்கணக்குக்குப் பிறகு அந்த வாசல் படலைக்குள் காலடி வைத்தார்.

"இது இனி இஞ்சை கிடக்கட்டும்," என்று திறப்பை மேசையில் வைத்தார். "இனிக் கடலுக்குக் கொண்டுபோக மாட்டன்."

அண்ணை அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தன் திறப்பைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "அப்ப எங்கடையை நீங்கள் கொண்டுபோங்கோ."

அன்றிலிருந்து கிழக்கின் திறப்பு மேற்கில் இருக்கிறது, மேற்கின் திறப்பு எங்கள் வீட்டு மாதா படத்துக்குக் கீழே அதே ஆணியில் தொங்குகிறது. சுவாமி கேள்விப்பட்டு, எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறதே என்றார். இல்லை சுவாமி, இப்போதுதான் இடத்தில் இருக்கிறது என்றேன்.

ஒவ்வொரு தையிலும் திருவிழாவுக்குக் கூடு திறக்கிற நாள் காலையில், படலையில் சைக்கிள் மணி கேட்கும். அண்ணை வெள்ளை வேட்டியோடு நிற்பார். நான் கை வேலையை விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வாசலுக்கு வந்து, "என்னண்ணை, இந்த நேரத்திலை?" என்று கேட்பேன்.

"திறப்பு எடுக்க வந்தனான், பிள்ளை."

அதைக் கேட்பதற்காகத்தான் கேட்கிறேன் என்று அவருக்கும் தெரியும்.